இரு மடங்கா, பாதியா?

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுகிறேன். ஸ்வாப் எவ்வளவு ஒதுக்கலாம்? ராமைப் போல இரு மடங்கு என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வது, ராம் விலை கையைக் கடித்த காலத்துக் கணக்கு. அதையே 64 ஜிபி ராமுக்குப் போட்டால் 128 ஜிபி டிஸ்க் சும்மா கிடக்கும்!

மடிக்கணினியை ஹைபர்நேட் செய்வீர்களா? அப்படியானால் ராமில் இருப்பதெல்லாம் டிஸ்க்கில் ஏற இடம் வேண்டும். 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்; 10 என்றால் நிம்மதி. அந்தப் பழக்கமே இல்லையென்றால் 4 ஜிபி தாராளம்.

ஸ்வாப் என்பது வீட்டுப் பரண். கல்யாணத்துக்கு எடுக்கும் அண்டாவை ஏற்றிவைக்கலாம்; தினம் காபி குடிக்கும் டம்ளரை ஏற்றினால் ஏணியிலேயே பொழுது போய்விடும். எஸ்எஸ்டி கூட ராமின் வேகத்துக்குப் பக்கத்தில் வராது. வேலை மும்முரமாக நடக்கும்போது டெர்மினலில் விஎம்ஸ்டாட் கட்டளையை நொடிக்கொரு முறை ஓடவிட்டு, ஸ்வாப்பிலிருந்து வருவதையும் ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பாருங்கள். முதல் வரி கணினியைத் திறந்தது முதலான சராசரி, அதை விட்டுவிடுங்கள். மற்றவை பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் கவலையில்லை. எண்கள் ஓயாமல் துள்ளினால் ஸ்வாப்பைக் கூட்டிப் பயனில்லை, ராம் வாங்குங்கள்.

அதற்காக ஸ்வாப்பே வேண்டாமென்று இருந்துவிடாதீர்கள். நினைவகம் அடியோடு தீர்ந்தால் லினக்ஸ் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்றுவிடும். சேமிக்காத கட்டுரையும் அதோடு போகும்.

தனிப் பகிர்வும் தேவையில்லை. 2017-இல் வந்த உபுண்டு 17.04 முதலே ஸ்வாப் ஃபைல்தான் வழக்கம். போதாவிட்டால் பிறகு பெரிதாக்கலாம். தைரியமாக நிறுவுங்கள்!