மார்பளவு வக்கீல்

'நாளை மின்தடை' என்று நாளிதழின் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி வருமே, அதைக் கத்தரித்துத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கும் ஒருவரைக் குரும்பலூரில் பார்த்தால், மின்வாரியத்துக்காரர் என்று நினைத்து மீட்டர் புகாரை ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் சட்டம் படித்தவர். திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம், பார் கவுன்சில் பதிவு, அகில இந்தியத் தேர்வு எல்லாம் முடிந்துவிட்டன. இப்போது சென்னையிலோ மும்பையிலோ கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் ஏதோ ஒரு சட்ட நிறுவனத்துக்கு வீடியோவில் நேர்காணல் கொடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலையில் போகும் கரண்ட் பொழுது சாயத்தான் வரும். அந்தத் தேதியில் நேர்காணல் விழுந்துவிடக் கூடாது.

ஊருக்கு அவர் 'வக்கீல் தம்பி'. இப்போதெல்லாம் இரண்டு மூன்று தெருவுக்கு ஒரு வக்கீல் தம்பி அகப்படுகிறார்.

பெரம்பலூர் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். இருந்தார். ஜூனியர்களுக்குப் பெருநகரங்களில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பழைய தீர்ப்புகளை வருடம், பக்க எண்ணோடு ஒப்பிக்கும் சீனியர்களுக்கு இந்த ஒன்று மட்டும் எப்படியோ கண்ணில் படாமல் போய்விடுகிறது. வாய்தா வாங்கிய நாளில் பஸ்ஸுக்குக் காசு, சாட்சி விசாரணை நடந்த நாளில் பஸ்ஸுக்கும் பரோட்டாவுக்கும் காசு. அப்புறம் யார்தான் லேப்டாப்பைத் திறக்க மாட்டார்கள்?

வீடியோ நேர்காணலுக்கு முதலில் வேண்டியது சுவர். சட்ட அறிவெல்லாம் அப்புறம். தம்பி வீட்டுச் சுவரில் முருகன் காலண்டர், மின்மாலை போட்ட தாத்தா, கல்யாணத்துக்கு மொய்யாக வந்த கடிகாரம், அத்தை கரிக்கட்டியால் எழுதிய பால் கணக்கு எல்லாம் இருக்கின்றன. பின்னணி வெறிச்சென்று இருக்க வேண்டும் என்பது யூடியூப் ஆசானின் கட்டளை. ஆகவே அப்பாவின் எட்டு முழ வேட்டி ஆணியில் ஏறியது. அது கட்சிக் கரை வேட்டி. எதிர்ப்பக்கம் இருப்பவர் எந்தக் கட்சியோ என்று கரையை உள்பக்கம் மடித்து ஊசி குத்தினார்கள்.

கேமரா கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது கட்டளை. அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியை மக்காச்சோள மூட்டைமேல் மூட்டை போட்டு ஏற்றினால் அளவு கச்சிதம். சிக்கல் என்னவென்றால், சந்தையில் சோளம் விலை ஏறிய அன்றைக்கு அப்பா மேல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஒத்திகையில் தம்பி தன் முழங்காலைப் பார்த்துக் குனிந்தபடி அரசியலமைப்புச் சட்டம் பேசினார்.

டைதான் பெரும்பாடு. கழுத்துப் பட்டை கட்டத் தெரிந்தவர்கள் கோர்ட்டில் நிறைய பேர். டை கட்டத் தெரிந்தவர் யார்? ஊர் முழுக்க விசாரித்ததில் தினமும் டை கட்டுகிற ஆள் எதிர்வீட்டு எல்.கே.ஜி. பையன் ஒருவன்தான் என்று தெரிந்தது. அவனுடையது எலாஸ்டிக். கடைசியில் கல்யாண ஸ்டுடியோக்காரர் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அதை அவிழ்க்காமலே தம்பி தலை வழியாக மாட்டிக் கழற்றுகிறார். பால்காரர் கட்டுத்தறியில் கன்றுக்குச் செய்வதும் இதுதான்.

மேலே கோட்டு, டை. கீழே கைலி. மின்விசிறி சத்தம் போடுகிறதென்று நிறுத்தியாகிவிட்டது. சித்திரை வெயிலில் கீழ்ப்பாதிக்காவது காற்று வேண்டாமா? "எழுந்து நிற்கச் சொன்னால் என்ன தம்பி செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் முன்தீர்ப்புகளை அடுக்கினார். 2020 ஏப்ரலில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் பனியனோடு காணொலியில் வந்தார். ஜாமீன் மனு விசாரணை தள்ளிப்போனது. அதே ஆண்டு குஜராத்தில் காருக்குள் உட்கார்ந்து புகைவிட்டபடி ஆஜரானவருக்கு 10,000 ரூபாய் அபராதம். 2025இல் குஜராத் உயர் நீதிமன்றத்தின் விசாரணையில் ஒருவர் கழிப்பறையிலிருந்தே கலந்துகொண்டார். 2021இல் டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவர் திரையில் பூனை முகத்தோடு தோன்றி, தாம் பூனை இல்லை என்று நீதிபதியிடம் உறுதிமொழி கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் சொல்லி முடித்துத் தம்பி சட்ட நுணுக்கத்துக்கு வந்தார்: "கைலிக்கு எதிரா இதுவரைக்கும் எந்த ஹைகோர்ட்டும் எதுவும் சொல்லலை அண்ணே."

எதிரில் ஆளே இல்லாத நேர்காணலும் உண்டு. திரையில் கேள்வி வரும், யோசிக்க அரை நிமிடம், பதிலுக்கு இரண்டு மூன்று நிமிடம், ஓரத்தில் கடிகாரம் குறைந்துகொண்டே போகும். நாம் பேசுவது பதிவாகிப் பிறகு யாரோ பார்ப்பார்கள். ஹையர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் இந்த வித்தையில் பெயர்பெற்றது. முகபாவத்தைக் கணினியே அளந்து மதிப்பிடும் முறையும் அதனிடம் இருந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட்டதாக 2021இல் அறிவித்தது. அந்தச் செய்தி தம்பிக்கு இன்னும் முழு நம்பிக்கையைத் தரவில்லை. அதனால் சிரித்துக்கொண்டே பேசிப் பழகுகிறார். அப்பாயி பார்த்துவிட்டாள்.

"யாருகிட்டடா பேசுற?"

"யாருமில்ல அப்பாயி. பதிவாகுது."

"ஆளில்லாம எதுக்குடா இளிக்கிற?"

"இளிக்கலைன்னா மார்க்கு போயிடும் அப்பாயி."

அப்பாயி மேற்கொண்டு பேசவில்லை. தாயத்து வாங்க ஆள் அனுப்பிவிட்டு, பேரனைச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனிடம் கூட்டிப்போக நாள் பார்த்தாள். அந்தக் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஆகவே தம்பி நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில், திங்கள், வெள்ளி நீங்கலாக எந்த நாளும் சம்மதம் என்று எழுதினார். வேறு வேலை வாய்ப்புகளும் கையில் இருக்கும்போல என்று அங்கே நினைத்திருக்கக்கூடும்.

டீக்கடையிலும் தயாரிப்பு ஓய்வதில்லை. "அவன் பெரிய நானூத்தி இருபது" என்று யாராவது சொன்னால், "இப்ப அது 318 மாமா, 2024 ஜூலையிலேருந்து" என்று திருத்துவார். "அடப்பாவி, நூறைக் குறைச்சிட்டானுங்களா?" என்பார் மாமா.

'ஒரு குழுவை வழிநடத்திய அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்பது தவறாமல் வரும் கேள்வி. தம்பி கல்லூரி மூட் கோர்ட்டை, அதாவது மாதிரி வழக்குப் போட்டியைச் சொல்வார். போன வருடம் இரண்டு பங்காளி வீட்டாருக்கு நடுவே வண்டிப்பாதைத் தகராறு மண்டை உடைகிற கட்டத்துக்குப் போனபோது, சர்வேயரை வரவழைத்து, பழைய வரைபடம் எடுத்து, பதினாறு கையெழுத்து வாங்கி, ஜமாபந்தியில் மனுக் கொடுத்தவர் இதே தம்பிதான். அதைச் சொல்லலாமே என்றேன். "அதெல்லாம் ஊர் விஷயம் அண்ணே, புரொபஷனலா இருக்காது" என்றார். மூட் கோர்ட்டில் அவர் முதல் சுற்றிலேயே தோற்றவர். வண்டிப்பாதையில் இன்றைக்கும் டிராக்டர் போகிறது.

ஒரு நாள் ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 1872ஆம் வருடத்துச் சட்டம், 56ஆவது பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம், 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சத்யபிரத கோஷ் வழக்கு. அப்பாயி குறுக்கே வந்தாள். "பட்டறையில இருக்கிற வெங்காயத்துக்கு யாவாரி அட்வான்சு கொடுத்தான். வெங்காயம் பூராவும் அழுகிப்போச்சு. இப்பக் காசைத் திருப்பிக் கேக்கிறான். கொடுக்கணுமாடா?"

"சும்மா இரு அப்பாயி, 56ஆவது பிரிவு படிக்கிறேன்ல."

கடைசியில் ஒரு புதன்கிழமை. கரண்ட் இருந்தது. ஆடுகள் அடுத்த தெருவுக்கு நாடு கடத்தப்பட்டன. ஒலிபெருக்கி கட்டிய சின்ன வண்டி வியாபாரியைத் துறையூர் ரோட்டிலேயே மடக்க ஒரு சித்தப்பா நின்றார். ஜன்னல் காற்றில் வேட்டி ஆடாமல் இருக்க, கேமராவுக்கு எட்டாத ஓரத்தில் அதன் நுனியைப் பிடித்தபடி அப்பாயி உட்கார்ந்தாள். திரையில் சென்னையிலிருந்து ஒரு பார்ட்னர் அம்மையார்.

தம்பி கடகடவென்று ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. அவருக்கு முகம் வெளுத்தது. ஒலியை அணைத்துவிட்டு "அம்மா!" என்று கத்தினார். அம்மா வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தார். வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. மறுபடியும் விசில். அம்மையார் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் தமிழுக்கு மாறியிருந்தார். "பெரம்பலூர் பக்கமா நீங்க? சாம்பாருக்கு உரிச்சுக்கிட்டிருந்தேன். அங்க சின்ன வெங்காயம் இப்ப என்ன விலைப்பா?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தம்பியிடம் தயாரிப்பு இல்லை.

அப்பாயியிடம் இருந்தது. விலையைச் சொல்ல எழுந்தவள் வேட்டியை விட்டுவிட்டாள். முருகன், தாத்தா, கடிகாரம், பால் கணக்கு எல்லாம் வரிசையாக நேர்காணலுக்கு வந்தன. அப்பாயி மூட்டைக்கு முன்னால் வந்து நின்று, விலையோடு நிற்காமல் பட்டறை அழுகிய கதையையும் யாவாரி அட்வான்சையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். அம்மையார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். குறிப்பிட்ட அந்தப் பட்டறைச் சரக்குதான் பேச்சா, எழுத்தில் ஏதும் உண்டா, அழுகியதில் யார் கவனக்குறைவு என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பிறகு, ஒப்பந்தம் 56இன்படி செல்லாமல் போகும், ஆனால் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பணத்தை 65ஆவது பிரிவின்படி திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

தம்பிக்கான முடிவை மின்னஞ்சலில் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாயி தன் முடிவை அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்.

"அந்தப் பொம்பள யாவாரி பக்கம் பேசுறா. அங்கெல்லாம் நீ வேலைக்குப் போவ வேணாம் சாமி."