மெட்ராஸ் சுண்ணாம்பும் சிங்கப்பூர் சுவரும்

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம், மியூசியம் பார்க்க எல்லோரும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறார்களே, சென்னையில் அப்படி என்ன இல்லை?
(வாசகர், கொட்டிவாக்கம்)

பதில்: இல்லாதது ஒழுங்கான நடைபாதை மட்டும்தான்! அங்கே அண்ணாந்து பார்க்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சே 'மெட்ராஸ் சுண்ணாம்பு'தான். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றியது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் திறப்பு 1861-இல். நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயம் திறக்கப்பட்டது 1680-இல். நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் அங்கே கால் வைத்ததே 1819-இல்தான். சிலைகளா? ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோய், அங்குள்ள ஆசிய நாகரிக அருங்காட்சியகம் வரை போன உமா பரமேஸ்வரியே இந்தியா திரும்பிவிட்டாள். அவள் காலத்துச் சோழர் செப்புத் திருமேனிகள் நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன.

'கோட்டைக்குள் நுழையவே கெடுபிடி' என்பீர்கள். நியாயம்தான். அவர்களுடைய பழைய பாராளுமன்றம் கலையரங்கமாகிவிட்டது. நம் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இன்னும் கோட்டைக்குள்ளேயே நடக்கின்றன. புழக்கத்தில் உள்ள வீட்டில் வாசலில் விசாரிக்கத்தானே செய்வார்கள்? வந்தவருக்கு விளக்கிச் சொல்வதில் சிங்கப்பூர் கெட்டி. அதை நாம் தயங்காமல் காப்பியடிக்கலாம். அதுவரை, கொட்டிவாக்கத்திலிருந்து கோட்டைக்குப் போக பாஸ்போர்ட் வேண்டாம், பொறுமை போதும்!