அடுப்புத் தகரமும் ஆடிக்காற்றும்: தனுஷ்கோடிக் கரையில் ஒரு காற்றியல் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

பாய் கட்டிய பலகையின் மேல் நின்றுகொண்டு, காற்றின் தயவில் கடலைக் கிழித்துப் போகும் விளையாட்டுக்கு விண்ட்சர்ஃபிங் என்று பெயர். பலகை வாங்கப் பணம் போதும். அதன்மேல் நிற்கப் பயிற்சி போதும். எந்த இடத்தில் இறங்குவது என்பதற்குத்தான் அறிவு தேவைப்படுகிறது. அந்த அறிவு எங்கே கிடைக்கும் என்பதே இவ்வாய்வின் வினா. மீன் வறுவல் கடையில் கிடைக்கும் என்பது விடை. விடையை முதலிலேயே சொல்வது ஆய்வு மரபுக்கு ஒவ்வாது என்பர். பசியோடு வந்தவரைக் காக்க வைப்பதும் மரபன்று.

2. முன்னோர் கண்டது

1958இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் ஒரு பலகையில் பாய் கட்டி மிதந்தான். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் அதே போன்றதொரு பலகைக்குக் காப்புரிமை கேட்டார்கள். இங்கிலாந்தில் அந்த உரிமை நீதிமன்றம் ஏறி, 1985இல் மேல்முறையீட்டிலும் செல்லாதென்று தீர்ப்பானது. சிறுவனின் பலகையே எதிர்வாதத்துக்குச் சாட்சியாயிற்று. இத்துறையில் வயதும் பட்டமும் ஒரு பொருட்டல்ல என்பது இதனால் பெறப்படும்.

அடுத்தவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர் வகுத்த அளவுகோல் காற்றின் வேகத்தை அளக்கவில்லை. அந்தக் காற்றில் கப்பல் எத்தனை பாய் விரிக்கும் என்று பார்த்தது. பின்னால் தரைக்கும் அதை விரித்தார்கள். தூசியும் காகிதமும் பறந்தால் 4. குடை பிடிக்கத் திண்டாடினால் 6. உலகமே ஒப்புக்கொண்ட அளவுகோலில் குடைக்கு இடமுண்டு என்றால், வறுவல் அடுப்புக்கு ஏன் இருக்கக் கூடாது?

3. கருவிகள்

முதற்கருவி, அடுப்புத் தகரம். தனுஷ்கோடிச் சாலையோரக் கீற்றுக் கொட்டகைகளில் தீ அணையாதிருக்க அடுப்பின் ஒரு பக்கம் தகரத்தை நிறுத்துகிறார்கள். அதன் உட்புறம் கரியேறிக் கறுத்திருக்கும். வெளிப்புறத்தை மணல் அறைந்து அறைந்து வண்ணம் போயிருக்கும். அடியில் விழாமலிருக்க இரண்டு பவளப்பாறைக் கல். ஒரு பருவம் முழுவதும் எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவேடு இல்லை.

இரண்டாம் கருவி, கொடியில் காயும் வேட்டி. நுனி மட்டும் அசைந்தால் கடலில் இறங்கிப் பயனில்லை. அரையளவு எழுந்து எழுந்து விழுந்தால், மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர், கற்றுக்குட்டிக்கு ஏற்றது. கிடைமட்டமாக நின்று படபடத்தால் 25ஐத் தாண்டியிருக்கும். தேர்ந்தவரின் பலகை நீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும் நிலை. கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு வேட்டி போய்விட்டால், முதலில் வேட்டியைத் தேடுக. வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். வேட்டிக்கும் இவ்விதி பொருந்தும்.

மூன்றாம் கருவி, காகம். இறகு கலையாமலிருக்கக் காற்றை எதிர்நோக்கியே உட்காரும். இதற்கு மின்கலம் வேண்டாம்.

கைபேசிச் செயலியை நான்காவதாக வைக்கிறோம். அது உலகைப் பல கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாக வெட்டிக் கணக்கிடுவது. தனுஷ்கோடி மணல்திட்டோ ஒரு பக்கக் கடலில் கால் நனைத்து மறுபக்கக் கடலுக்கு நடந்துவிடும் அகலம். செயலியின் கண்ணுக்கு அது தரையா நீரா என்பதே ஐயம்.

4. கள ஆய்வு

கடைக்கார அம்மாளிடம் நடந்த நேர்காணல்:

“அக்கா, இங்க காத்து எந்தப் பக்கம் நல்லா அடிக்கும்?”

“நல்லா அடிச்சா எனக்கு என்ன தம்பி நல்லது? எண்ணெயில மண்ணுதான் விழும். கச்சான் ஏறிட்டா தகரத்தை அந்தப் பக்கம் வைப்போம். வாடைக்கு இந்தப் பக்கம்.”

இவ்விரண்டு வரியில் பருவக்காற்று இயல் முழுவதும் அடக்கம். தென்மேற்கிலிருந்து வருவது கச்சான், மே முதல் செப்டம்பர் வரை. வடக்கிலிருந்து வருவது வாடை, மார்கழி தை மாதங்களில். மற்றொன்றும் இதனுள் பொதிந்திருக்கிறது. கடைக்கும் கட்டுமரத்துக்கும் குடை விரிக்கும் சுற்றுலாக்காரருக்கும் ஆகாத இடமே பாய்ப்பலகைக்கு ஆகும். இதனை ‘எண்ணெயில் மண் விதி’ என்க.

5. இருகடற் கொள்கை

தனுஷ்கோடியில் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் கடலைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். முன்னது கொந்தளிக்கும், பின்னது அடங்கியிருக்கும் என்பது காரணம். கச்சான் வீசும் மாதங்களுக்கு இது முற்றும் சரி. வாடை திரும்பியதும் வடகடல் குமுறத் தொடங்கும், தென்கடல் படியும். ஆக, இரண்டு கடலும் ஆண்டுக்கு இருமுறை பால் மாறுகின்றன. பால் பகுத்தவர் ஆடி மாதத்தில் வந்து போனவராதல் வேண்டும்.

இதிலிருந்து இடத்தேர்வு விதி மூன்று. காற்று கடலிலிருந்து கரையை நோக்கி நேரே வீசினால், விழுந்தவரை அதுவே கரையில் கொண்டுவந்து போடும். ஆனால் கரையலையைத் தாண்டிப் போகவே அரைநாள் ஆகும். கரையோடு ஒட்டிக் குறுக்கே வீசினால் உத்தமம். போன வழியே திரும்பலாம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் நீர் தட்டையாக, பார்க்க அழகாக இருக்கும். மரமோ கட்டடமோ இல்லாத ஒடுங்கிய மணல்திட்டைக் கடந்து வருவதால் காற்றும் சீராக இருக்கும். தேர்ந்தவர்கள் கச்சான் காலத்தில் வடகரையை விரும்புவது இதனால்தான். ஆனால் துணைப்படகில்லாமல் அங்கே இறங்கிப் பாய்மரம் ஒடிந்தவர், கச்சத்தீவுப் பக்கமாகக் கடவுச்சீட்டின்றி வெளிநாடு போக நேரும். மணல்திட்டின் நுனியான அரிச்சல்முனைக்கு எவ்விதியும் பொருந்தாது; அங்கே நீரோட்டம் இழுக்கும் இழுப்பில் காற்றின் பேச்சு எடுபடாது.

6. தடையும் விடையும்

சவுக்குத் தோப்பின் பின்னால் கடை போட்டிருந்தால் தகரம் பொய் சொல்லாதோ? எனின், சொல்லும். தோப்பின் உயரத்தைப்போல் பத்து இருபது மடங்குத் தூரம் வரை அதன் பின்னே காற்று மெலிந்தும் சுழன்றும் வரும். தகரமே இல்லாத கடையைக் கண்டால் தோப்பைத் தேடுக. அங்கிருந்து நடையைக் கட்டுக.

சென்னைக்கு இவ்விதி செல்லுமோ? எனின், நேரம் பார்த்துச் செல்லும். வெயிலில் தரை சூடேறிய பின், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். பொழுது ஏற ஏறக் கிழக்கிலிருந்து தென்கிழக்காகத் திரும்பும். ஜூன் மாதத்தில் மேல்காற்று வலுத்த நாளில் அது தாமதிக்கும். அன்று ஊரே வெந்துபோகும். காலை எட்டு மணிக்கு மெரினாவில் காற்றில்லை என்று பாயைச் சுருட்டுபவர் ஆய்வுக்குத் தகுதியற்றவர்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்களே, அம்மியைக் கருவியாகக் கொள்ளாதது என்ன? எனின், அம்மி பறக்கும்போது அளப்பவரும் பறப்பார். மேலும், மிக்சி வந்தபின் களத்தில் அம்மி கிடைப்பது அரிது.

7. முடிபு

தகரம் நிற்கும் பக்கமே அந்தப் பருவத்துக் காற்று வரும் பக்கம். அக்காற்றோடு ஒட்டிப் போகும்படி கரை எங்கே வளைகிறது என்று நடந்து பார்த்து, அங்கே இறங்குக. வேட்டியைப் பார்த்துப் பாயின் அளவைத் தீர்மானிக்க: காற்று மிகுந்தால் சிறிய பாய், குறைந்தால் பெரிய பாய். காகத்தைப் பார்த்துத் திசையைச் சரிபார்க்க.

மேல் எல்லை ஒன்று உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து ரயில் நின்றுவிடும். இன்று பாலத்துக்குப் பதில் கடையைப் பார்க்கலாம். தகரத்தை மடக்கி, எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து, அக்கா வீட்டுக்குப் போயிருந்தால் கடலில் இறங்கக் கூடாது. வறுவலும் கிடையாது என்பதால் அங்கே நிற்பதற்கும் காரணமில்லை.