அடுக்களையில் பார்கோடு: ஒரு கள ஆய்வு

கைபேசியைக் காட்டினால் பொருள் இன்னதென்று சொல்லிவிடும் செயலிகள் பெருகிவிட்டன. அவை நம் அடுக்களையில் செல்லுபடியாகுமா என்று கண்டறிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. கருவிகள்: பார்கோடு படிக்கும் செயலி ஒன்று, படத்தை வைத்துத் தேடும் செயலி ஒன்று, இரண்டும் இலவசம். ஆய்வு நெறியாளர்: பாட்டி. இப்பதவி அவருக்குத் தெரியாமலேயே வழங்கப்பட்டது.

1. தோற்றமும் இலக்கணமும்

நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற அமெரிக்கர் மயாமி கடற்கரை மணலில் விரல்களால் கோடு இழுத்தபோது பிறந்த யோசனை பார்கோடு. 1952இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய வடிவில் 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடையில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது சூயிங்கம். மணலில் விரல் வைத்து எழுதும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளிலும் இருந்தது. நாம் 'அ' எழுதியதோடு எழுந்துவிட்டோம்.

நம் கடைப் பொட்டலங்களில் உள்ளவை பெரும்பாலும் 13 இலக்கங்கள். கோடாக வரையப்படுபவை 12தான். முதல் இலக்கம், இடப்பக்க ஆறு இலக்கங்களின் கோட்டமைப்பில் மறைந்திருக்கும். தோன்றா எழுவாய்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கடைசி இலக்கம் காவல்காரன். முதல் 12 இலக்கங்கள் 890123456789 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடத்து இலக்கங்களின் கூட்டல் 28. இரட்டைப்படை இடத்தவை 34, அதன் மும்மடங்கு 102. மொத்தம் 130. அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே காவல் இலக்கம்; இங்கே 0.

தொடக்கத்து 890, நிறுவனம் பார்கோடு எண் வழங்கும் அமைப்பின் இந்தியக் கிளையில் பதிவு செய்ததைக் காட்டுமே தவிர, பொருள் இங்கே விளைந்ததைக் காட்டாது. விலையும் கோட்டில் இல்லை. அது கடைக் கணினியில் இருக்கிறது.

2. சோதனைகள்

அ) ரசப்பொடிப் பாக்கெட். நெறியாளர் எந்தப் பாக்கெட்டைத் திறந்தாலும் பார்கோடு உள்ள பக்கத்தையே வெட்டுவார். கோடுகளின் மேல்பாதி போயிருந்தும் செயலி படித்துவிட்டது. செய்தி கோட்டின் தடிமனிலும் இடைவெளியிலும் இருக்கிறது. உயரம் வெறும் உபரி.

ஆ) கறிவேப்பிலை. படத்தேடல் முதலில் வேப்பிலை என்றது. நம் மொழியும் பெயரில் பாதியைப் பகிர்ந்திருப்பதால் குற்றம் மன்னிக்கப்பட்டது.

இ) மணத்தக்காளி வற்றல். மிளகு என்றது. படத்தை எண்களாக்கி, தான் ஏற்கெனவே கண்ட கோடிக்கணக்கான படங்களில் நெருங்கியதை நீட்டுவதே அதன் வேலை. கசப்பு படத்தில் விழாது.

ஈ) பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். இங்கேதான் ஆய்வு திசைமாறியது. பாதி கிழிந்த லேபிளைப் பார்த்து, பார்கோடு செயலி ஹார்லிக்ஸ் என்றது. படத்தேடலும் ஹார்லிக்ஸ் என்றது. இரு சாட்சிகள் ஒத்துப்போவது அரிது என்று ஆய்வாளர் மகிழ்ந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். அது கலகலத்தது. கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நெறியாளர் தலை நிமிராமலே சொன்னார்: "அது தொவரம்பருப்புடா. உளுந்துன்னா பக்கத்து டப்பா."

3. முடிவு

பார்கோடு பாக்கெட்டின் முகவரி. குடியிருப்பவர் மாறியதை அது அறியாது. படத்தேடலும் வாசலோடு நின்றுவிடுகிறது. காலி பாட்டிலைத் தூக்கிப்போடாத வீடுகளில் இரண்டும் உதவா. ஆகவே வாசகர்களுக்குப் பரிந்துரை ஒன்றே: குலுக்கிப் பாருங்கள்.