நாற்றம் குறித்த நிர்வாகக் குழுவின் கோட்பாடு: ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: மாண்புமிகு நிர்வாகக் குழுவினர், குடியிருப்போர் நலச்சங்கம், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

துர்நாற்றம் என்பது தனிநபர் உணர்வே அன்றி வளாகத்தின் பண்பு அன்று என்னும் கோட்பாட்டை, லிஃப்டுக்குள் ஒட்டப்பட்ட ஒற்றைப் பக்கச் சுற்றறிக்கையின் வாயிலாகக் கடந்த வாரம் உலகுக்கு அறிவித்த குழுவினருக்குக் குடியிருப்போரின் வணக்கம் உரித்தாகுக. புறப்பொருள் உண்மையில் உள்ளதா, அறிவின் தோற்றம் மட்டும்தானா என்று நையாயிகரும் யோகாசார பௌத்தரும் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டும் முடியாத வழக்கைக் குழு ஒரே மாலைக் கூட்டத்தில், பஜ்ஜி ஆறுவதற்குள், தீர்த்துவைத்திருக்கிறது. கோட்பாட்டை ஏற்காத பதினொரு வீடுகளின் எண்கள் "ஆதாரமற்ற புகார் அளித்தோர்" என்ற தலைப்பின்கீழ்த் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டு, அவ்வீட்டார் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகலாம் என்ற அறிவுரையுடன், பள்ளி வேனுக்கு இறங்கும் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் உயரத்தில் ஒட்டப்பட்டிருப்பது குழுவின் மருத்துவக் கரிசனத்துக்குச் சான்று.

எனினும், தரைக்கீழ்த் தளத்தில் நடப்பது இன்னதென்பதையும் கோட்பாட்டின் முழுமை கருதிப் பதிவுசெய்வது தகும். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் மைய அரசு அறிவிக்கை விதித்தது; அந்த அனுமதியின் நிபந்தனையாகவே இத்தகைய வளாகங்களுக்கு எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்து சேர்ந்தது. அதன் தொட்டியில் வாழும் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்று நீரைத் தெளிவிக்க வேண்டுமானால், ப்ளோயர் எனப்படும் காற்றூதும் எந்திரம் இரவும் பகலும் ஓடி அவற்றுக்கு ஆக்சிஜன் ஊட்டவேண்டும். மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க அந்த ப்ளோயர் மாலையில் நிறுத்தப்பட்டு மறுநாள் காலையில் இயக்கப்படுவதால், ஆக்சிஜனை நம்பிய கிருமிகள் நலிய, அது இல்லாமலே பிழைக்கும் வேறு கிருமிகள் தலையெடுத்து, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை வாடையுள்ள வாயுவாக மாற்றுகின்றன. இவ்வாயுவும் தனிநபர் உணர்வே என்பதால், ப்ளோயரை இயக்காமல், தூண்தோறும் மல்லிகை மணம் பீச்சும் கருவியைக் குழு பொருத்தியிருக்கிறது. அதற்கான செலவு கார்பஸ் நிதியிலிருந்து, அதாவது லிஃப்ட் மாற்றுதல் போன்ற பெரும்பணிகளுக்கென வீடு வாங்கியபோதே ஒவ்வொருவரிடமும் மொத்தமாக வாங்கி வைக்கப்பட்ட தொகையிலிருந்து, எடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் மாதப் பராமரிப்புக் கட்டணமும் தனிநபர் உணர்வாகலாமே என்று ஏ பிளாக்கில் எழுந்த ஐயம், தாமதக் கட்டணம் மட்டும் புறவுலகில் திண்ணமாக இருக்கிறது என்று மேலாளர் விளக்கியதும் அடங்கிவிட்டது.

கோட்பாட்டின் வீச்சு நாற்றத்தோடு நிற்கவில்லை. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபின் எழுந்த இவ்வளாகத்தின் உறிஞ்சுகிணறுகள், விருந்தினர் வண்டி நிறுத்தத்துக்காகப் பேவர் பிளாக் கற்களின் அடியில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. மேலே "பசுமை வளாகம்" என்ற பலகை நடுகல்லாக நிற்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் வந்திறங்கிய 2019ஆம் ஆண்டும் ஒரு தனிநபர் உணர்வாகவே இருந்திருக்கலாம். டேங்கர் லாரிக்காரர் மட்டும் அதை ரொக்கமாக உணர்ந்தார். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மட்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவேண்டும் என்று சொன்ன 2016ஆம் ஆண்டின் விதிகளுக்கு மதிப்பளித்து வாங்கப்பட்ட உரத்தொட்டிகளில் இப்போது விளக்குமாறுகள் பாதுகாக்கப்படுகின்றன. இரவில் வந்து எஸ்.டி.பி.யின் கசடை உறிஞ்சிச் செல்லும் லாரி அதை எங்கே இறக்குகிறது என்பதற்குக் கோப்பில் ஒரு சீட்டும் இல்லை. 2022இல் ராம்சார் தகுதி, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அருகிலேயே இருப்பதால், இக்கேள்வி வெறும் தத்துவக் கேள்வி அன்று.

ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றிக் குழு அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்கு எட்டிவிடும் இவ்வாயு, ஏறத்தாழ 100 பங்கைத் தொட்டதும் மோப்பப் புலனை மரக்கச் செய்துவிடுவதால், வாடையே இல்லாததுபோல் தோன்றும். இன்னும் சில நூறு ஏறினால் உள்ளே நிற்பவர் சாய்ந்துவிடுவார். சென்ற மாதம் தொட்டி அடைத்துக்கொண்டபோது, ஒப்பந்ததாரர் அழைத்துவந்த இரண்டு இளைஞர்கள் சுவாசக் கருவி இல்லாமல், வாயுவை அளக்கும் கருவி இல்லாமல், இடுப்பில் ஒரு கயிறோடு உள்ளே இறக்கப்பட்டார்கள். பாதுகாப்புக் கருவியின்றி ஆளைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. அவ்விருவரும் உயிரோடு மேலே ஏறி வந்தது தற்செயல். மின்கட்டணத்தில் சில ஆயிரம் மிச்சம்பிடிக்க இரண்டு உயிர்களைப் பணயம் வைத்துவிட்டு, கேள்வி கேட்டவர்களின் வீட்டு எண்ணை லிஃப்டில் ஒட்டுவது அயோக்கியத்தனம்.

மேற்கண்ட கடுஞ்சொல்லும் ஒரு தனிநபர் உணர்வே எனக் கொண்டு குழுவினர் பெருந்தன்மையோடு பொறுத்தருள்க. குடியிருப்போரின் விண்ணப்பம் மிகச் சிறியது: ப்ளோயர் ஓடிய நேரங்களின் பதிவேடும், கசடு லாரியின் சீட்டுகளும், மல்லிகைக் கருவிகளின் விலைப்பட்டியலும் அதே லிஃப்டில், அதே உயரத்தில் ஒட்டப்படவேண்டும். வரும் பொதுக்குழுக் கூட்டத்தைக் குளிரூட்டப்பட்ட கிளப் ஹவுஸிலிருந்து இரண்டாம் தரைக்கீழ்த் தளத்துக்கு, எஸ்.டி.பி. கதவுக்கு எதிரே, ப்ளோயர் நிறுத்தப்பட்டிருக்கும் இரவு எட்டு மணிக்கு மாற்றினால், கோட்பாட்டை அனைவரும் நேரில் பயில வாய்ப்பாகும். நாற்காலிகளைக் குடியிருப்போரே கொண்டுவருவார்கள்; பஜ்ஜி எத்தனை தட்டு வேண்டும் என்பதைக் குழு முன்கூட்டித் தெரிவித்தால் போதும்.

இங்ஙனம்,
காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பப்பட்ட பதினொரு வீட்டார்