மணலி புதுநகர் ஜீப்பும் பின் பிரேக்கும்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஜீப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் இழுவையில்தான் தொடங்கும். வல்லூர் உப்பளத்து வரப்பில் சுமையோடு ஏறுமா, சேற்றில் மாட்டினால் முன் அச்சைப் போட்டு வெளியே வந்துவிடுமா, வேலை நடக்கும் இடத்தில் கம்பிக்கட்டை இழுக்குமா என்று கேட்பார்கள். பிடித்த இடத்தில் நிற்குமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மணலி புதுநகரிலிருந்து மீஞ்சூர் போகிற சாலையில் எதிரே வரும் வண்டியைத் தொலைவிலேயே பார்த்துவிடலாம். கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, தன்போக்கில் ஓய்ந்து நிற்க அன்றைக்கு இடம் இருந்தது.

அந்த இடம் இன்று இல்லை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதுதான் இன்றைய காமராஜர் துறைமுகம். பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. பொன்னேரி நெடுஞ்சாலையில் இப்போது முன்னும் பின்னும் கண்டெய்னர் டிரெய்லர்கள்தான். பழைய ஜீப்பை இந்தச் சாலையில் ஓட்டுகிறவன் பிரேக்கைப் பற்றி யோசிக்காமல் இருக்கக்கூடாது. கணக்கு எளிதானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை நல்ல பிரேக் சுமார் 24 மீட்டரில் நிறுத்தும். பாதித் திறனில் இருக்கிற பிரேக்குக்கு 48 மீட்டர் வேண்டும். கூடுதலாகக் கேட்கிற அந்த 24 மீட்டர், இரண்டு நாற்பதடிப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த நீளம்.

எங்கள் ஜீப் அப்பா அரசுத் துறை ஏலத்தில் எடுத்த மகிந்திரா. வில்லிஸ் சி.ஜே. 3பி வடிவம், உயர்ந்த பானெட், 80 அங்குல வீல்பேஸ். மகிந்திரா நிறுவனம் 1947-ல் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன 3பி வடிவம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இங்கே வந்துகொண்டிருந்தது. ஏலத்தில் வந்தபோது பெட்ரோல் வண்டி. அப்பா அதில் டீசல் என்ஜின் ஏற்றினார். அன்று எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். இழுவை கூடிற்று, எடை கூடிற்று, செலவு குறைந்தது. பிரேக் மட்டும் பழையபடியே இருந்தது.

அந்தப் பழைய பிரேக் எப்படிப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம். டிரைவர் காலடியில், தளத்துக்குக் கீழே, ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து நான்கு பக்கமும் ஒரே இணைப்பு. ஏதாவது ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கிழிந்தாலோ, ஒரு பைப் விரிசல் விட்டாலோ, மொத்த பிரேக்கும் போய்விடும். ஷூ தேயத் தேய அதுவாக நெருங்கி வராது. மாதம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால்தான் பிடிக்கும். ஒரு பக்கம் கூடுதலாகத் திருப்பினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். நீருக்குள் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்கு பிரேக்கே இருக்காது. அப்பா அதற்காகவே பெடலை லேசாக மிதித்தபடி ஓட்டி, டிரம்மைச் சூடாக்கிக் காயவைப்பார்.

அந்த பிரேக் பராமரிப்பில் எனக்கும் ஒரு வேலை உண்டு. பிரேக் பைப்பிலிருந்து ஏர் எடுக்கிற நாளில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பது. மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்தபடி குரல் கொடுப்பார். "அடி தம்பி... அடி... புடி, புடி! வுடாத!" ஏர் ஸ்க்ரூ திறக்கும்போது கால் கீழே இறங்கும். அவர் ஸ்க்ரூவை மூடிவிட்டேன் என்று சொல்லும்வரை காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கிற பின்சக்கரத்தில் தொடங்கி, அருகில் இருக்கிற முன்சக்கரத்தில் முடிப்பார். அந்த வரிசை இன்றும் மாறவில்லை.

அன்று செய்த சில வேலைகளை நினைத்தால் மனம் பதறுகிறது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியை கம்ப்ரஸர் குழாயால் ஊதுவார்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நுரையீரலில் படிந்து பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படுகிற நார் அது. அண்ணன் முகத்தில் ஒரு துணிகூட இருக்காது. பக்கத்தில் நாங்கள் பிள்ளைகள் நிற்போம். பைப் போனால் ஃபிரிட்ஜுக்குப் போடுகிற செம்புக் குழாயை வளைத்துப் பூட்டுவார்கள். செம்பு வளைக்க எளிது. ஆனால் வண்டி அதிர அதிர இறுகி, ஒருநாள் சொல்லாமல் விரிசல் விடும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலுக்குப் பதில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேர்ந்த லாரிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். கைத்திறமைக்குக் குறைவே இல்லை. எண்ணூர் அசோக் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் வேலை பார்த்தவர்கள் எங்கள் ஊரைச் சுற்றி இருந்தார்கள். 1962-ல் தொடங்கி நாட்டில் ஓடுகிற பல வண்டிகளுக்கு பிரேக் செய்து அனுப்புகிற பிரேக்ஸ் இந்தியா, பாடியில், இங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. சரியான பொருள் இவ்வளவு அருகில் செய்யப்பட்டும், பழைய ஜீப்புக்குப் புதுப்பேட்டைக் கழிவுச் சாமான்தான் கிடைத்தது. பிரேக்குக்குப் பணம் செலவழிப்பது வீண் என்ற எண்ணம் எங்கும் இருந்தது.

எங்கள் ஜீப்பில் டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் முன்சக்கரத்துக்குத்தான் முதலில் வந்தது. அப்போதே மாஸ்டர் சிலிண்டரை முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரண்டு அறைகள் கொண்டதாக மாற்றி, பூஸ்டரும் வைத்தோம். பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சு விசை டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போலக் கிடைக்காது. அதனால் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வாக்குவம் பம்ப் வேண்டும். பின்னால் டிரம்மே இருக்கட்டும் என்று விட்டோம். அது தவறான முடிவில்லை. 2020-ல் புதிதாக வந்த மகிந்திரா தார் வண்டியிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்தான். ஐந்து கதவுகளோடு 2024-ல் வந்த தார் ராக்ஸின் உயர்ந்த ரகங்களில்தான் பின்னாலும் டிஸ்க். எங்களைச் சுற்றி ஓடுகிற பாரவண்டிகளில் பெரும்பாலானவை டிரம்மை நம்பித்தான் ஓடுகின்றன. டிரம் என்றாலே பழங்குப்பை என்று பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

எங்கள் வண்டியில் பின் டிரம்மையும் மாற்ற வைத்தது வெள்ளம்தான். 2015-ல் வந்தது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்த நீர் கொசஸ்தலை ஆற்றில் நிறைந்து மணலி புதுநகருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பின்சக்கரம் அசையவில்லை. டிரம்முக்குள் வண்டல் இறுகி, ஷூ டிரம்மோடு துருவாகவே ஒட்டியிருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினோம். வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் இரண்டும் உறைந்துபோயிருந்தன. மூடிய பாத்திரம்போல இருப்பதால் மழைத்துளியை வெளியே நிறுத்துகிற டிரம், சக்கர உயரத்துக்கு வெள்ளம் வந்தால் சேற்றை வெளியே விடுவதில்லை. டிஸ்க் திறந்து கிடக்கிறது. சக்கரம் சில சுற்று சுற்றினால் பேட் அதன் முகத்தைத் துடைத்துவிடும். அடிக்கடி வெள்ளம் பார்க்கிற ஊரில் அந்த ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அக்கா மகன் வேறு காரணத்துக்காக டிஸ்க் கேட்டுக்கொண்டிருந்தான். "அலாய் வீலுக்குள்ள சிவப்பு காலிப்பர் தெரிஞ்சா சூப்பரா இருக்கும் மாமா" என்பான். அவனை உட்காரவைத்து எடைக் கணக்கைச் சொன்னேன். ஜீப் குட்டையானது, உயரமானது. பலமாக பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 அங்குல வீல்பேஸில் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பின்சக்கரத்தை விட்டு முன்சக்கரத்துக்குப் போய்விடும். எடை குறைந்த பின்சக்கரத்தில் வலுவான பிரேக்கை வைத்தால் அதுதான் முதலில் லாக் ஆகும். முன்சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராகச் சறுக்கும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் பின்பாகம் சுற்றிக்கொண்டு வந்து, வண்டி வந்த திசையையே பார்க்கும். வில்லிஸ் ராணுவ ஜீப்பைச் செய்தவர்கள் இதை 1940-களிலேயே அறிந்திருந்தார்கள். முன் வீல் சிலிண்டருக்கு 1 அங்குலத் துளை, பின்னுக்கு முக்கால் அங்குலம்தான் வைத்தார்கள். அதாவது பின்னுக்குப் போகிற விசை முன்னதில் பாதிக்குச் சற்று மேல். முன்னால் டிரம்மை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் டிஸ்க் மாட்டுகிற வண்டிகளையும் இப்போது பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பழைய வில்லிஸ் அமைப்பில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. கைபிரேக் பின்சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில், புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில், ஒரு சிறிய டிரம்மில் இருக்கிறது. இன்றைய வண்டிகளில் பின் டிரம்மை எடுத்தால் கைபிரேக்கும் கூடவே போய்விடும். அதற்கென்று தனிக் காலிப்பர் தேட வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கைபிரேக் நின்ற வண்டியைப் பிடித்து வைக்க மட்டும்தான். ஓடுகிற வண்டியில் இழுத்தால் ஜாயின்டும் ஷாஃப்டும் தாங்காது.

வேலை தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வு உண்டு. முன்கூட்டியே கேட்பது நல்லது.

சாமான் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அச்சின் முனையில் காலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டை லேசரில் வெட்டித் தருகிறார்கள். டிஸ்க்கை மாட்டியதும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள்; முள் 0.1 மில்லிமீட்டருக்குமேல் ஆடினால் மறுபடி லேத்துக்குப் போகிறது. அண்ணன் காலத்தில் இதையெல்லாம் விரல் நுனியில் தடவித்தான் பார்த்தார்கள்.

பலர் தவறவிடுகிற இடம் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது நிறுத்தி வைக்கும். வீல் சிலிண்டர் ரப்பர் தளராமல் இருக்க டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதே அழுத்தம் இருந்தால் பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே சூடேறும். அதை எடுத்துவிட்டோம். ஆனால் எங்கள் மாஸ்டர் சிலிண்டர் தளத்துக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் விட்டால் ஆயில் மெல்ல மெல்லத் திரும்பி வடிந்து, அடுத்த முறை பெடல் ஆழமாக இறங்கும். அதனால் 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்றைப் பின் லைனில் வைத்தோம். காலிப்பருக்கு வீல் சிலிண்டரைவிட அதிக ஆயில் வேண்டும் என்பதால் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவையும் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொன்று, வலது காலிப்பரை இடதில் மாட்டினால் ஏர் ஸ்க்ரூ கீழே போய்விடும். மேலே தங்கிய காற்று எவ்வளவு பம்ப் அடித்தாலும் வெளியே வராது. மாட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக முன், பின் அழுத்த விகிதத்தைச் சரிசெய்கிற வால்வு. திருகினால் பின்னுக்குப் போகிற அழுத்தம் கூடும், குறையும். ஆள் நடமாட்டமில்லாத பழைய உப்பளப் பாதையில், முதலில் காய்ந்த தரையில், பிறகு மழை பெய்த மறுநாள் ஈரத்தில், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி மிதித்துப் பார்த்தோம். அக்கா மகன் வெளியே நின்று சக்கரங்களைக் கவனித்தான். "பின்னாடி முதல்ல நிக்குது மாமா" என்று கத்துவான். ஒரு திருகு குறைப்போம். முன்சக்கரம் கொஞ்சம் முந்தி லாக் ஆகிற நிலை வந்ததும் திருகுக்குப் பெயின்ட் வைத்து அடையாளம் போட்டோம். ஏ.பி.எஸ். உள்ள புது வண்டி இந்த வேலையை நொடிக்கு நொடி தானே செய்கிறது. எங்கள் வண்டியில் அது இல்லை. ஈரச் சாலையில் எங்கே மெல்ல மிதிப்பது என்பது ஓட்டுகிறவன் காலைப் பொறுத்தது; அக்கா மகனை அதற்காகவே பல காலைகள் அந்தப் பாதையில் ஓட்டவைத்தேன்.

டிஸ்க் வந்ததால் பராமரிப்பு குறையவில்லை; வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் 155 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது தர அளவு. கடற்காற்று வீசும் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். உப்புக் காற்றில் முதலில் மாட்டிக்கொள்வது காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின். அது இறுகினால் ஒரு பேட் மட்டும் தேய்ந்து, ஒரு சக்கரம் மட்டும் சூடாகும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை, அந்த ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கன் கிரீஸ் தடவி, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றி, மறுபடி பூட்டுகிறோம். வெள்ளத்தில் நின்றால் இதோடு வீல் பேரிங் கிரீஸையும் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்ற வேண்டும். டிஸ்க் வந்துவிட்டது என்பதற்காக அவற்றை மறந்துவிட முடியாது.