நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்ல

"வெளியூர்க்காரங்க தொல்லை தாங்கல மாமா" என்றான் அக்கா மகன், போன ஞாயிற்றுக்கிழமை. சொன்ன இடம் அம்பத்தூர் ஓ.டி., என் வீட்டு ஹால். தொல்லை நடந்த இடம் கோவளம் கடல்.

இவன் பிறந்தது கொரட்டூர். வளர்ந்தது பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம். வேலைக்குப் போகும்வரை இவன் பார்த்த பெரிய தண்ணீர் அம்பத்தூர் ஏரி. அதில் அலை கிடையாது, ஆகாயத்தாமரைதான் உண்டு. இப்போது சர்ஃபிங் கற்றுக்கொள்கிறான். ஞாயிறு விடியுமுன் எழுந்து, பைபாஸ் ஏறி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போய், வயிறு நிறைய உப்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறான். பலகைகூட வாடகைப் பலகைதான். அதற்குள் லோக்கல் ஆகிவிட்டான்.

"சண்டேன்னா போதும், சிட்டிலேருந்து கார் காரா வந்து இறங்கறாங்க. ரூல்ஸ் தெரியாது. லோக்கல்னு ஒரு மரியாதை வேணாமா?"

மரியாதையாம். காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு சொல்கிறான். இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது.

ரூல்ஸ் என்னவென்று அவனே சாப்பாட்டு மேஜையில் விளக்கினான். ஊறுகாய் பாட்டில் பீக், அதாவது அலை முதலில் உடையும் முனை. அந்த முனைக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அலை அவருடையது. ஒரு அலைக்கு ஒரு ஆள். அவர் எழுந்து நின்றபின் முன்னால் போய்க் குறுக்கே விழுந்தால் அது டிராப் இன், மகா பாவம். வரிசையைச் சுற்றிக்கொண்டு நைசாக உள்பக்கம் போய் முனையைப் பிடித்தால் அது ஸ்நேக்கிங், அதைவிடப் பாவம். பலகையை விட்டெறியக் கூடாது. கற்றுக்குட்டி நுரையோடு நிற்க வேண்டும், தேர்ந்தவர்கள் அலைக்குக் காத்திருக்கும் லைன்-அப் பக்கம் தலைகாட்டக் கூடாது. "நீ எங்கடா நிப்பே?" என்று கேட்டேன். நுரையில்தானாம்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது மாமா" என்று முடித்தான்.

எனக்கா? வேலைக்குப் போன காலமெல்லாம் காலை நேரத்து மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் போய் வந்தவன் நான். திருவள்ளூரிலிருந்து வரும் வண்டி அம்பத்தூருக்குள் நுழையும்போது, எந்தப் பெட்டியின் எந்தக் கதவு நம் முன்னால் நிற்கும் என்று தெரிந்து நிற்பவனுக்கே இடம். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொள்ள உரிமை உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிறவர், பெட்டியோடும் குடும்பத்தோடும் சென்ட்ரலில் எக்ஸ்பிரஸ் பிடிக்கப் போகிறவர் ஆகியோர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். நாலு பேரும் சேர்ந்து பார்ப்போம். வில்லிவாக்கம் வருவதற்குள் அவரே எழுந்துவிடுவார். அம்பத்தூரில் ஏற வேண்டிய சிலர், எதிர்வண்டி பிடித்து ஆவடிக்குப் போய், அங்கே காலியாகப் புறப்படும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்பத்தூரில் நிற்கும் எங்களைப் பார்க்காதது போலக் கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள். இதைச் சொன்னதும் பையன், "அதேதான் மாமா, ஸ்நேக்கிங்!" என்று குதித்தான். எங்கள் வண்டியில் அதற்கு வேறு பேர். இங்கே அச்சிட முடியாது.

உலகம் முழுக்க இதே கதைதான் போலிருக்கிறது. கலிபோர்னியாவில் லுனாடா பே என்று ஒரு வளைகுடா. மேலே மலைமுகட்டில் பங்களாக்கள், கீழே அலை. அந்த அலையைக் காவல் காத்தவர்களுக்கு பே பாய்ஸ் என்று பெயர். பெயர்தான் பாய்ஸ், பலருக்கும் தலை நரைக்கிற வயது. வெளியாள் வந்தால் கல் எறிவது, கார் டயரைக் கிழிப்பது என்று பல பத்தாண்டுகள் நடந்தது. பாறையடியில் கல்லை அடுக்கிக் கோட்டை போல ஒன்று கட்டி, அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்களாம். 2016-ல் வழக்கு வந்தது, அதே ஆண்டு கோட்டையை இடித்தார்கள். அனுமதியில்லாமல் கட்டியது என்று கண்டுபிடிக்க அமெரிக்காவிலும் இத்தனை காலம் பிடிக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

ஹவாய்க்காரர் கோபம் வேறு ஜாதி. 1893-ல் அவர்களுடைய ராணியைக் கவிழ்த்தார்கள், 1898-ல் தீவுகளையே அமெரிக்கா எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது அலைதான். அதிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து ரேபிட் பார்த்தலோமியூ என்கிற பையன் வந்து ஜெயித்துவிட்டு, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தோம் என்று பத்திரிகையில் பெருமையடித்தான். 1976-ல் மறுபடி வந்தபோது தண்ணீரிலேயே வைத்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். கடைசியில் எடி ஐகாவ் என்கிற உயிர்காப்பாளர் நடுவில் புகுந்து, ஒரு ஓட்டலில் எல்லோரையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசி முடித்தார். அடிவாங்கியவன் 1978-ல் உலக சாம்பியன்.

கோவளத்தில் லோக்கல் என்று யாராவது உண்டென்றால் அது மீனவர்கள். இவர்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்திலேயே கட்டுமரத்தில் நின்று அலை தாண்டியவர்கள், அதற்கு யாரிடமும் ஃபீஸ் வாங்கியதில்லை. அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன்தான் அருண் வாசு முதலியோருடன் சேர்ந்து 2012-ல் அங்கே சர்ஃப் பள்ளி தொடங்கினார். ஊர்க்காரர்கள் வா வா என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அம்பத்தூர்க்காரன் போய் நின்றுகொண்டு, வெளியாள் வராதே என்கிறான். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டி நடந்தபோது இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிக்கொடுத்த ரமேஷ் புதிஹால் கர்நாடகத்துக்காக ஆடுகிறவர். அவர் அலையேறியபோது இவன் பக்கத்தில் இருந்திருந்தால் ஆதார் கார்டு கேட்டிருப்பான்.

மேற்குப் புறநகர்க்காரன் கடற்கரைக்குப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அதற்குத் தெளிவான வழிமுறை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன், இந்த வியாதி அவனுக்கு எங்கிருந்து தொற்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்ல சார்."

எங்கள் பக்கம் வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம் இதுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, எங்கே வேண்டுமானாலும் கேட்டைத் திறந்து, "வீடு நல்லாருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். ஒண்ணுமே இல்ல என்று சொன்னால் மட்டும் போதாது, அத்தாட்சி தர வேண்டும். 1990-களில் வந்தவரிடம் மழைநாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த கதை மட்டும் இருக்கும். எண்பதுகளில் வந்தவரிடம் பாம்பு இருக்கும், அதுவும் குளியலறையில். எழுபதுகளில் வந்தவர் நரி வைத்திருப்பார். நரி ஊளையிடும், மின்சாரம் இருக்காது, கடைசி பஸ் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து டார்ச் லைட் அடித்துக்கொண்டு அவர் நடந்து வருவார். பதினைந்து அடி தோண்டினால் தண்ணீர், இளநீர் மாதிரி இருக்கும். பாம்புக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது நரிக்காரர் வந்தால் பாம்புக்காரர் நிறுத்திக்கொள்வார்.

நரிக்காரர்களையும் மடக்க ஆள் உண்டு. அவர்கள் கம்பெனிக்காரர்கள். எஸ்டேட் வந்தது 1964-ல், எஸ்டேட்டில் சேர்ந்தவர் அந்தக் கணக்கில் பேசுவார். டன்லப் 1959, அப்பா டன்லப் என்றால் எஸ்டேட்டை ஒரு பார்வையால் கடந்துவிடலாம். டி.ஐ. சைக்கிள் 1949, தாத்தா அங்கே என்றால் டன்லப்பே பொடிப்பயல். இவர்கள் எல்லோரையும் ஆவடியிலிருந்து வரும் என் சம்பந்தி ஒரே அடியில் வீழ்த்துவார். 1955-ல் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில், அப்பா தோளில் உட்கார்ந்து நேருவைப் பார்த்தவர். அன்றைக்கு சோஷலிசப் பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். இவருக்கு ஆவடியில் மூன்று வீடு.

அடுத்து எதிர்மனை. "எதிர்மனையையும் சேர்த்து வாங்கிப் போடுன்னாங்க சார், வேண்டாம்னுட்டேன்." இதைச் சொல்லாத ஆண்மகன் எங்கள் பக்கம் கிடையாது. சொல்லும்போது கிரவுண்டு விலையும் சொல்லப்படும். சொல்கிறவர் வயதுக்குத் தகுந்தபடி அது குறையும். என் மனைவிக்கு நீண்ட நாளாக ஒரு சந்தேகம்: எல்லோருமே எதிர்மனையை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அங்கே எப்படி வீடு வந்தது? எதிர்வீட்டுக்காரரையே கேட்டுவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டு, எதிர்மனையைத் தன்னிடம்தான் முதலில் கொடுக்க வந்ததாகவும், வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அது என் மனை.

வாடகைக்கு இருப்பவர் இந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. இருபது வருஷம் இருந்தாலும் அவர் விசிட்டர்தான். அடுக்குமாடிக்காரர்களை இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்களிடம் யு.டி.எஸ். என்கிற பிரிபடாத மனைப்பங்கு இருக்கிறது, நரி இல்லை. நலச்சங்கக் கூட்டத்தில் போன மாதம் ஒரு அடுக்குமாடிப் பெண் எழுந்து, வீட்டு வாசலில் ரோட்டை மறித்துக் கல்லும் பூந்தொட்டியும் வைப்பது சட்டப்படி தவறு என்று சொன்னாள். எங்களில் ஒருவர், "நீங்க எந்த வருஷம்மா வந்தீங்க?" என்று கேட்டார். அதோடு விவாதம் முடிந்தது. என் தொட்டியில் செம்பருத்தி நன்றாகப் பூக்கிறது. எவன் காரும் அங்கே நிற்பதில்லை.

இதையெல்லாம் நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்திலேயே திருமுல்லைவாயில் இருக்கிறது. புழலில் கோட்டை கட்டிக்கொண்டு குறும்பர்கள் ஆண்டார்கள் என்கிறது தலபுராணம். அவர்கள்தான் லோக்கல். தொண்டைமான் என்கிற மன்னர் வெளியூர், படையோடு வந்தார், முதல் சுற்றில் முடியவில்லை. திரும்புகிற வழியில் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் வெளியாளை வழிமறித்த முதல் நலச்சங்கம் அந்தக் கொடிதான். மன்னர் வாளால் வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது. மன்னர் பதறி அழுதார். சிவன் நியாயப்படி யார் பக்கம் நின்றிருக்க வேண்டும்? தொண்டைமான் பக்கம் நின்றார். கூடவே நந்தியையும் துணைக்கு அனுப்பினார். அங்கே நந்தி இன்றைக்கும் சுவாமிக்கு முதுகைக் காட்டி, கிளம்பத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறது. குறும்பர் தோற்றார்கள். அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று இரண்டு எருக்கந்தூண்கள் கோயிலில் நிற்கின்றன. லோக்கலாக இருந்ததற்கு மிஞ்சியது இரண்டு தூண்.

இதைச் சொன்னால் அக்கா மகன், "அப்ப நீங்க தொட்டியை எடுத்துடுவீங்களா மாமா?" என்கிறான். தொட்டி வேறு விஷயம்.

போன வாரம் எங்கள் தெருவில் காலிமனை ஒன்றைப் பார்க்க ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். காரை என் வாசலில்தான் நிறுத்தப் பார்த்தார், தொட்டி தடுத்தது. தள்ளி நிறுத்திவிட்டு வந்து, "சார், ஏரியா எப்படி?" என்று கேட்டார். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்ல என்று தொடங்கி, இருட்டு, டார்ச் லைட், பதினைந்து அடித் தண்ணீர், எதிர்மனை எல்லாம் சொல்லி, நரி ஊளையிட்ட இடத்தைக் கையை நீட்டிக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்த லேஅவுட்டே எங்க தாத்தா வித்தது சார். மூணு போகம் விளைஞ்ச நிலம்" என்றார். "களம் நீங்க காட்டின இடத்துலதான் இருந்தது. நரியெல்லாம் கிடையாது சார். எங்க வீட்டு நாய் மணி. ராத்திரி அங்கதான் கட்டிப்போடுவாங்க, சரியா கத்தும்."

நாய்க்கும் நரிக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? இந்தப் பையன் அப்போது பிறந்தேயிருக்க மாட்டான். நான் கேட்டது நரிதான்.